கம்பத்தில் நின்ற பஸ்

எண்பதுகளில் முதன்முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். காட்டுப் பாதையான பெருவழி நடை தொடங்கும் எருமேலிக்கு, கம்பத்தில் பஸ் மாறும்படி எங்கள் ஏழு பேருக்கும் டிக்கெட் எடுத்தவன் நான்தான். இடையில் அரை மணி நேரம் போதுமென்று நினைத்தது என் தப்பு.

ஆரப்பாளையத்தில் ஏறியதிலிருந்தே பதற்றம். காலில் இடித்த வெங்காய மூட்டைக்காரரிடம், "யோவ், தள்ளி வைய்யா!" என்று எரிந்து விழுந்தேன்.

உசிலம்பட்டி தாண்டி டயர் வெடித்தது. எருமேலி பஸ் போய்விடுமே, ஏழு பேரின் பயணமும் என்னால் கெட்டதே என்று புலம்பினேன். வெங்காய மூட்டைக்காரர் மூட்டையோடு ஏதோ லாரியில் ஏறிப் போய்விட்டார்.

எருமேலி பஸ் கிளம்பும் நேரம் தாண்டிக் கால் மணி நேரம் கழித்துத்தான் கம்பம் சேர்ந்தோம். பஸ் கிளம்பாமல் நின்றது. அதன் முன்னால் மூட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்தார் அந்த வெங்காய மூட்டைக்காரர்.

"வண்டி போயிருமேன்னு நீங்க பொலம்புனது கேட்டுச்சுண்ணே. அதான் மறிச்சேன். வெரசா ஏறுங்க."

நாங்கள் ஏறியதுமே பஸ் கிளம்பிவிட்டது. விரதமிருந்தும் வாயை அடக்கத் தெரியாத நான், பெருவழி முழுக்க மனசுக்குள் அவரிடமே மன்னிப்புக் கேட்டபடி நடந்தேன்.