மஞ்சள் தடவிய வரன் பட்டியல்

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்த அச்சுத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கணினியில் அச்சடித்த வரன் பட்டியலுக்குக்கூட மஞ்சள் தடவிய ஒரே மனுஷி, சிதம்பரத்தில் திருமணத் தகவல் மையம் நடத்திய அந்த அம்மாள்தான். 2010 வாக்கில் அவருக்கு மென்பொருள் எழுதித்தரத் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ் ஏறினேன். அவரைப்போல் என் பொறுமையைச் சோதித்தவர் வேறு யாருமில்லை.

ஒரு ஜாதகத்தைக் கொடுத்தால் பொருந்தும் வரன்களைக் கணினியே எடுத்துத்தர வேண்டும். ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் அத்தனை ஜாதகத்தையும் அது புரட்டி முடிக்க மூன்று நிமிடம் ஆகும். "தம்பி, ஜாஸ்தி நேரம் ஆவுது. வந்தவுங்க எழுந்து போயிடுறாங்க" என்று ஒரே புலம்பல். சரியென்று எல்லா ஜாதகத்துக்கும் ஒரு நகலெடுத்து கணினி அணையும்வரை நிற்கும் மெமரியிலேயே ஏற்றிவைத்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் பட்டியல் வந்தது. அதற்கும் ஒரு குறை: "இவ்ளோ சீக்கிரம் வந்தா நம்புவாங்களா?"

அடுத்த தலைவலி, நிச்சயமான பெண்ணின் பெயரை நீக்குவது. தாலி ஏறும் முன் 'முடிந்தது' என்று பதிந்தால் கண்பட்டுவிடுமாம். காகிதக் காலத்தில் அந்த ஜாதகத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார். "கம்ப்யூட்டருக்குப் பின்னாடி செருக முடியாதும்மா, நிச்சயமானவுடனே பதிஞ்சிடுங்க" என்று கத்திக் கத்தி என் தொண்டை வற்றியது.

பயந்தபடியே நடந்தது. கம்மாபுரத்துப் பெண் ஒருத்திக்குக் கடலூர் மாப்பிள்ளையோடு நிச்சயமாகி நாலு நாள். மாப்பிள்ளையின் சித்தப்பா தன் மகனுக்கு வரன் தேடி வந்தார். பட்டியலில் முதல் பெயரே அந்தப் பெண்.

"எங்க ஊட்டுக்கு வரப்போற பொண்ணுக்கு இன்னும் மாப்ள தேடுறாங்களா?" என்று தாளை மேசைமேல் எறிந்துவிட்டுப் போனார். கல்யாணம் வேண்டாம் என்று சாயங்காலமே சேதி வந்தது. பெண்ணின் அப்பா போனில் அழுதார். நான் எல்லார் எதிரிலும் அம்மாள்மேல் பொரிந்து தள்ளினேன். அவர் நேரே கடலூருக்குப் போய், "தப்பு என்னுது, பேரை எடுக்க மறந்துட்டேன்" என்று மாப்பிள்ளை வீட்டாரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அவர்களும் மனம் இறங்கினார்கள்.

மறுநாள்தான் கணினியின் பதிவுகளைப் பார்த்தேன். நிச்சயத்தன்றே அவர் 'முடிந்தது' என்று பதிந்திருந்தார். என் புது ஏற்பாடு வந்தபின் அவர் நீக்கிய முதல் பெயர் அது. ஹார்ட் டிஸ்கில் நீங்கிவிட்டது. இன்வர்ட்டர் புண்ணியத்தில் அணையாமல் ஓடிய கணினியின் மெமரியில் என் பழைய நகல் அப்படியே இருந்தது. அதைப் புதுப்பிக்க ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் ஏற்றுக்கொண்டால்தானே! "உன் மேல தப்பில்ல தம்பி. தாலி ஏறுறதுக்கு முன்ன நான் பதிஞ்சேன் பாரு, அதான் கண்பட்டுச்சு." எத்தனை முறை விளக்கினாலும் இதே பதில்.

தாலி ஏறிய அன்று மண்டபத்திலிருந்து நேராக வந்து, சித்தப்பா எறிந்துவிட்டுப்போன அந்தத் தாளில் பெண்ணின் பெயரைப் பேனாவால் அடித்து என்னிடம் நீட்டினார். "இப்ப எடுத்துடுப்பா." நான் எப்போதோ சரிசெய்திருந்தேன். "சரிம்மா, எடுத்துடுறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

தாளைக் கையில் எடுத்தால் அவர்மேல் இப்போதும் எரிச்சல் வருகிறது. என் தப்பை எனக்கே விட்டிருக்கலாம் அந்த அம்மாள்.