இளவரசனுக்குக் கண் திரும்பவில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் இஃபத் கைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிப்பாள். அந்த வாரம் முடித்த நாவலைப் பற்றிய அவளுடைய தீர்ப்பு அது. டிரங்க் ரோட்டில் இருந்த வாடகை நூலகத்தை மூடியபோது, அங்கே புத்தகம் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சேர்ந்து வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். பூந்தமல்லி, ஆவடி, முகப்பேர் என்று சுற்று வட்டாரத்துப் பெண்கள் அதில் இருந்தார்கள். புதிதாக எழுத வந்தவர்களும் சிலர் இருந்தார்கள். இஃபத்தின் குரல் வருவதற்காக அவர்கள் எல்லாரும் காத்திருப்பார்கள்.

"காதல் கதைன்னா நான் முதல்ல தேடறது அவன் மன்னிப்புக் கேக்குற பக்கத்தை. இதுல அப்படி ஒரு பக்கமே இல்ல. மண்டபத்துலேர்ந்து தூக்கினு போறான், ரூம்ல பூட்டி வைக்கிறான், கன்னத்துல அறையறான். அப்புறம் அவனே மருந்து போடறான். உடனே இவளுக்குக் காதல் வந்துடுது. மருந்து போட்டதுக்கே காதல்னா நம்ம ஊர் கம்பவுண்டரை எத்தனை பேர் கட்டியிருக்கணும்?"

மாயாஜாலக் கதைகளையும் அவள் விட்டுவைத்ததில்லை.

"பத்தாயிரம் பேர் பாலைவனத்துல நடக்கறான். ஒருத்தன் காலுல கொப்புளம் இல்ல. அத்தினி பேருக்கும் சோறு வடிச்சது யாரு? மந்திரம்னா அதுக்கு ஒரு கூலி இருக்கணும். எதையாவது குடுத்தாதான் எதுவும் வரணும். சும்மா வந்தா அது மந்திரம் இல்ல, எழுதினவங்களோட சோம்பேறித்தனம்."

இதற்குச் சளைக்காமல் பதில் சொல்ல ஒருத்தி இருந்தாள். முகப்பேர் யுவராணி. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மாவு அரைத்து விற்பவள். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவிலிருந்து அவள் குரல் வரும்.

"இஃபத்தக்கா, உங்களுக்கு ஹீரோன்னா ரேஷன் கடை கிளார்க் மாதிரி ஒழுங்கா இருக்கணும். அப்படி ஒருத்தனோடதான் நான் நாள் பூரா மல்லுக்கட்டிக்கினு கீறேன். கதையிலயாவது எவனாவது தூக்கினு போவட்டுமே!"

"தூக்கினு போனப்புறம் அங்க துணி யாரு துவைக்கிறது யுவராணி? அதையும் எழுதச் சொல்லு."

சாயங்காலம் வரைக்கும் சண்டை நடக்கும். அந்த ஒரு நாள்தான் இஃபத் சிரிப்பாள்.

குழுவில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அவளுக்குக் கண் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சர்க்கரைதான் காரணம். நாற்பது வருஷமாகத் தையல் மெஷினில் இருந்தவள், மெஷின் மேலேயே புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தவள். முதலில் கண்ணுக்கு முன்னால் கறுப்பாக நூல் ஒன்று மிதந்தது. பிளவுஸ் துணியிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று கையால் தட்டிவிட்டுக்கொண்டே சில மாதம் ஓட்டினாள். நூல் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது உள்ளே ரத்தம் கசிந்து விழித்திரை பிய்ந்திருந்தது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். ஒரு கண் முழுதாகப் போனது. இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் மிச்சம்.

அதன் பிறகு தெருவில் யாரும் அவளிடம் நேராகப் பேசவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் மகன் ஆசிமிடம், "அம்மா சாப்பிட்டாங்களா? அம்மா தூங்குறாங்களா?" என்று கேட்டார்கள். முன்பு கூலியில் பேரம் பேசி அவளோடு மல்லுக்கு நின்ற பெண்கள் இப்போது அவள் எது சொன்னாலும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது அவள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எதிர்ப்பேச்சு வராமல் போவது காதுக்குத் தெரியும். குழுவில் மட்டும் அவளை இன்னும் திட்டினார்கள், கிண்டல் செய்தார்கள். அதை இழக்க அவள் தயாராக இல்லை. அதனால் சொல்லவில்லை.

ஆசிம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏஜென்சி மூலம் வரலட்சுமியை வைத்தான். மண்ணூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டோடு நோயாளியைக் கவனிக்கும் வேலைக்கு முறையாகப் பயிற்சி எடுத்தவள். இன்சுலின் போடுவது, காலில் ஆறாமல் கிடந்த புண்ணைக் கழுவிக் கட்டுவது, கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் சுத்தமாகச் செய்வாள். புத்தகம் படித்துக் காட்டுவது அவள் வேலையில் சேராது.

"அதான் போனே படிக்குதேம்மா, என்னை ஏன் போட்டு வாட்டுறீங்க?" என்றாள் முதலில்.

"அது முத்தம் குடுக்கிறதையும் வெங்காய விலையையும் ஒரே குரல்ல படிக்குது. அச்சடிச்ச புக்கை அதுக்குக் காட்டவும் எனக்குத் தெரியாது. நீ படி."

வரலட்சுமி நன்றாகவே படித்தாள். வில்லி வந்தால் அவளையும் அறியாமல் மூக்கால் பேசினாள். ஒரு தரம் மட்டும் சிக்கல் ஆனது. பிரசவத்தில் கதாநாயகி செத்துப்போகிற கதை. இஃபத் இன்சுலின் போட்டுக்கொண்டுவிட்டு, மனசு சரியில்லை என்று சோற்றை ஒதுக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. வரலட்சுமி சர்க்கரைத் தண்ணீர் கரைத்துப் புகட்டி, ரத்தத்தில் சர்க்கரை ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் படித்த கதைகளில் அவ்வளவாகச் சாவு வரவில்லை. எழுதுகிறவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று இஃபத் நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆவடியிலிருந்து காவ்யாவின் புத்தகம் தபாலில் வந்தது. குழுவில் இருக்கும் சின்னப் பெண். அதுதான் அவளுடைய முதல் அச்சுப் புத்தகம். கூடவே குரல் செய்தி ஒன்றும் அனுப்பியிருந்தாள்: "இஃபத்தம்மா, நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே சொல்லுங்க. உங்ககிட்ட திட்டு வாங்குனாதான் நான் எழுத்தாளர்னு எனக்கே நம்பிக்கை வரும்."

போரில் விஷப்புகை பட்டுக் கண் இழந்த ஆதிரன் என்ற இளவரசனின் கதை. செண்பி என்ற வைத்தியப் பெண் அவனுக்காக ஒரு குகைப் பூவைத் தேடி மலை ஏறுகிறாள். இருவருக்கும் நடுவில் காதல் மெதுவாக வளர்கிறது. அவன் ஒரு தரம்கூட அவளை அதட்டவில்லை. மலையில் அவளுக்குக் கால் பிளந்து ரத்தம் வருகிறது. இஃபத் அசையாமல் கேட்டாள்.

"நிறுத்து. அவன் தண்ணிக் குவளையைத் தேடுற இடத்தைத் திருப்பிப் படி."

வரலட்சுமி திருப்பிப் படித்தாள்.

கடைசி அத்தியாயத்தில் வரலட்சுமி இடையில் நிறுத்தினாள். தாள் புரளும் சத்தம் கேட்டது. தண்ணீர் குடித்தாள். பிறகு மெல்லப் படித்தாள். செண்பி பூவைப் பிழிந்து கண்ணில் விட்டாள். ஆதிரனுக்குக் கண் தெரிந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கல்யாணம் ஆனது. அவ்வளவுதான்.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சும்மா. சாப்புடறீங்களா, தட்டு போடட்டா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை இஃபத் பேசியதைப்போல் கடுமையாக அதற்கு முன் பேசியதில்லை.

"காவ்யா, நீ பயந்தாங்கொள்ளி. முக்கால் புஸ்தகம் நெஞ்சைப் பிடிச்சு உலுக்கினே. கடைசியில ஒரு பூவைப் பிழிஞ்சு கண்ணைக் குடுத்துட்டே. கூலி எங்க? நடைகூடக் கெட்டுப்போச்சு. சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி நாலு வரியில முடிச்சிருக்கே. போன கண்ணு வராதும்மா. அதைச் சொல்ல தைரியம் இல்லாதவ ஏன் இந்தக் கதையை எடுத்தே?"

வழக்கமாக உடனே பதில் வரும். அன்று சாயங்காலம்தான் காவ்யாவின் குரல் வந்தது. அழுதிருந்தாள் போல.

"அம்மா, என் கதையில ஆதிரனுக்குக் கண்ணு திரும்பவே இல்லம்மா. பூ காய்ஞ்சு போயிருக்கும். கடைசி அத்தியாயமே அதுதான். நீங்க படிச்சீங்களா?"

அதன் பின்னால் யுவராணி, கிரைண்டர் சத்தம்கூட இல்லாமல்: "ஓஹோ! இஃபத்தக்கா புக்கைப் படிக்காமலேதான் தீர்ப்பு சொல்றாங்களா? இத்தினி வருஷமா எங்களை இன்னா ஆட்டு ஆட்டி வெச்சீங்க!"

இஃபத் கைபேசியை மடியில் கவிழ்த்தாள்.

மறுநாள் வரலட்சுமி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கேட்டாள்: "கடைசி அத்தியாயத்துல நீ இன்னா படிச்சே?"

வரலட்சுமி பொய் சொல்லிப் பார்க்கவில்லை. "இல்லாததைத்தாம்மா படிச்சேன். கண்ணு வராதுன்னு உங்க முன்னால எப்டி படிப்பேன்? பேஷண்ட் நம்பிக்கை போறாப்ல எதுவும் பேசக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்துக்கீறாங்க. அன்னிக்கு சுகர் இறங்கி நீங்க கிடந்தது மறந்துபூட்டீங்களா? ஆசிம் தம்பிக்கு யாரு பதில் சொல்றது?"

"இந்த ஒரு புக்குதானா?"

ஆற வைத்த வெந்நீரில் பஞ்சு நனையும் சத்தம் கேட்டது. கால் கட்டை அவிழ்த்துக்கொண்டே வரலட்சுமி, "செத்துப்போன மூணு நாலு பேரைப் பொழைக்க வெச்சிக்கீறேன்" என்றாள்.

இஃபத் இந்த ஒரு வருஷமாகத் தான் சொன்ன தீர்ப்புகளை நினைத்துப் பார்த்தாள். எது எழுத்தாளருடையது, எது வரலட்சுமியுடையது என்று இனிமேல் பிரிக்க முடியாது. "கட்டிட்டு வந்து படி. எழுதினது எழுதினபடி படி. நான் ஒழுங்கா சாப்பிடறேன். சாப்பிட்டுட்டே கேக்கறேன்."

அப்படியே நடந்தது. ஒரு பக்கம் கேழ்வரகுக் கூழ், ஒரு பக்கம் காவ்யாவின் கடைசி அத்தியாயம். பூ காய்ந்திருந்தது. செண்பி அதை மறைக்கவில்லை, நேராகச் சொன்னாள். ஆதிரன் அழவில்லை, அவளைத் திட்டவும் இல்லை. கண் இழந்தவன் பார்ப்பது நட்சத்திரமற்ற கரிய இரவு என்று ஒரு வரி வந்தது. அடுத்த நாள் அவன் அரசவைக்குப் போனான். பழக்கத்தில் குனிந்த மந்திரிகள், அவனுக்குக் கண் தெரியாது என்பது ஞாபகம் வந்ததும் பாதியில் நிமிர்ந்துகொண்டார்கள். அதோடு கதை முடிந்தது.

இஃபத் கூழை முழுதும் குடித்தாள். வரலட்சுமி கிண்ணத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

சொல்வதற்கு எளிதான பொய் ஒன்று இருந்தது. கடைசிப் பக்கங்களைப் புரட்டாமல் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்லலாம். கொஞ்ச நாள் கிண்டல் செய்வார்கள், மறப்பார்கள். ஆனால் படிக்காமல் பேசுகிறவள் என்ற பேர் நிற்கும். அதையும்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் கரிய இரவு என்ற அந்த ஒரு வரி தப்பு. தப்பு என்று தெரிந்த பிறகு அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"காவ்யா, நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். எனக்குப் படிச்சுக் காட்டுனவங்க முடிவை மாத்திப் படிச்சுட்டாங்க. இன்னிக்குத்தான் உன் முடிவைக் கேட்டேன். மந்திரிங்க நிமிர்ற இடம் இருக்குதே, அந்த இடத்துல நான் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டேன். நீ பயந்தாங்கொள்ளி இல்ல. ஆனா ஒரு தப்பு இருக்கு. கண்ணு போனா கறுப்பா இருக்காதும்மா. எல்லாருக்கும் எப்படின்னு தெரியாது, எனக்கு அப்படி இல்ல. வெள்ளை லைனிங் துணியைத் தலையில போட்டுக்கினு வெயில்ல நிக்கிற மாதிரி இருக்கும். ஒரு ஓரத்துல பழுப்பா கறை. இருட்டே வராது. இருட்டு வந்தாலாவது தூங்கலாம். அடுத்த பதிப்புல மாத்து."

அனுப்பினாள். வரலட்சுமி, "சொல்லிட்டீங்களேம்மா" என்றாள்.

பதில்கள் வந்துகொண்டே இருந்தன. கைபேசி அவற்றை அதே வெங்காய விலைக் குரலில் படித்தது. கூப்பிய கைகள். சிவப்பு இதயம். அழும் முகம். உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம். உங்கள் தன்னம்பிக்கைக்குத் தலை வணங்குகிறோம். காவ்யா அந்த வரியை மாற்றிவிடுவதாகச் சொன்னாள். மந்திரிகள் நிமிர்ந்த இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பேய் அரண்மனையில் நடக்கும் காதல் கதை ஒன்று வந்தது. படுமோசம். கதாநாயகன் அடிக்கிறான், பேய் அவனை மன்னிக்கிறது, மந்திரம் கூலியில்லாமல் வேலை செய்கிறது. வரலட்சுமி இப்போது பின்னட்டை விளம்பரம் வரைக்கும் எதையும் விடாமல் படித்தாள். இஃபத் கைபேசியை எடுத்து, "ரொம்ப அருமையான கதை. இந்த மாதிரி ஹீரோதான் வேணும்" என்றாள்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். யுவராணிக்குப் பொறுக்காது. இஃபத்தக்காவுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சா என்று கேட்பாள். கேட்கட்டும்.

கிரைண்டர் சத்தம் வந்தது. அதற்கு நடுவில் யுவராணியின் குரல், குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாக வந்தது: "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்கா. மருந்தெல்லாம் வேளாவேளைக்குச் சாப்புட்றீங்களா? உடம்பப் பாத்துக்கங்க."

இஃபத் அதை ஒரு தரம்தான் கேட்டாள்.

"வரலட்சுமி, நீ சொல்லு. அந்தப் பேய்க் கதை நல்லாவா இருந்துச்சு?"

வரலட்சுமி ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். "உங்களுக்குப் புடிச்சிருந்தா நல்ல கதைதாம்மா. கையைக் குடுங்க."

இஃபத் கையைக் கொடுத்தாள்.