அக்கா படிக்காத முதல் பக்கங்கள்

எங்கள் வாரப் பத்திரிகைக்கு வரும் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. நேரில் அக்கா என்போம். அவருக்கும் இது தெரியும். ஒருமுறை என் மேசையிலிருந்த கத்தரிக்கோல் காணாமல் போனபோது, "அதை ஏன் தேடறே? அதான் நான் ஒருத்தி இருக்கேனே" என்றார்.

நான் அங்கே லேஅவுட் போடுகிறவன். எந்தப் பக்கத்தில் படம் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு, மிச்சத்தில் கதை எவ்வளவு என்று முதலில் பென்சிலால் கட்டம் போட்டுப் பார்ப்பேன். பிறகு கணினியில் ஏற்றுவேன். கதை நீண்டால் வெட்டச் சொல்வேன். எதை வெட்டுவது என்பது அக்காவின் பாடு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கதை பிடிக்காது. பதினாறு வருடமாக நான் கதைகளை அளந்திருக்கிறேனே தவிர வாசித்ததில்லை.

அக்கா முன்பு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவர். விபத்து, தீ, திருட்டு என்று ஜனங்கள் எழுதி அனுப்பும் கடிதங்களைப் படித்து, என்ன நடந்தது என்று மேலதிகாரிக்கு இரண்டு வரியில் எழுதிக் கொடுக்கும் வேலை. ஏழு வருடம் செய்திருக்கிறார். முதல் பக்கம் முழுக்கத் தன் நேர்மையும் குடும்பப் பெருமையும் அதிகாரியின் தங்கமான மனசும்தான் இருக்குமாம். வண்டி சுவரில் மோதுவது இரண்டாம் பக்கத்தில்தானாம்.

பத்திரிகைக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. உறையைப் பிரிப்பார். முதல் தாளை உருவிப் படிக்காமலே இடப்பக்கத் தட்டில் கவிழ்ப்பார். இரண்டாம் தாளிலிருந்து படிக்கத் தொடங்குவார். உதிக்கிற சூரியன், வீசுகிற தென்றல், கதாநாயகியின் கூந்தல், வாழ்க்கை என்றால் என்ன என்ற விளக்கம் எல்லாம் தட்டுக்குப் போய்விடும். ஆள் யாரென்றே தெரியாமல் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பஸ்ல பக்கத்து சீட்டுல ரெண்டு பேர் சண்டை போடறாங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்கன்னா கேக்கறே? காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல அண்ணன் தம்பியா, புருஷன் பொண்டாட்டியான்னு தெரிஞ்சிடாது?"

வீட்டிலும் இதே கதைதான். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், சாதுவான மனிதர். கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "மாமா, அம்மாவுக்கு போன் பண்ணி நல்லா இருக்கியான்னு கேட்டா, அது இருக்கட்டும், விஷயத்துக்கு வான்னு சொல்றாங்க. எனக்கு விஷயமே அதான்."

தட்டில் சேரும் தாள்கள் என்னிடம் வரும். அவற்றின் வெற்றுப் பின்பக்கத்தில்தான் நான் கட்டம் போடுவேன். போட்டு முடிந்ததும் குப்பைக்கூடை.

தேறாத ஒவ்வொரு கதைக்கும் அக்கா ஒரு கார்டு எழுதுவார். தபால் தட்டு என் மேசைக்குப் பக்கத்தில் இருந்ததால், கதை பிடிக்காத எனக்கும் அந்தக் கார்டுகள் மட்டும் பழக்கமாகிவிட்டன. "உங்கள் கதாநாயகன் என்ன வேலை செய்கிறார்? பன்னிரண்டு பக்கத்தில் ஒருநாள்கூட அவர் வேலைக்குப் போகவில்லை" என்று ஒருவருக்கு. "எல்லோரும் அழுகிறார்கள். வாசகருக்கு ஒன்றும் மிச்சமில்லை" என்று இன்னொருவருக்கு. "தாயின் அன்பை மூன்று பத்தி வர்ணித்திருக்கிறீர்கள். அவர் மகனுக்காக ஒரு சின்ன வேலை செய்யட்டும், மூன்று பத்தியும் தேவைப்படாது." "கோபமாகக் கத்தினான் என்று எழுதவேண்டாம். கத்துகிறவன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள்." ஒரு கல்லூரிப் பேராசிரியருக்குப் போன கார்டில் ஒரே வரிதான் இருந்தது: "வீட்டில் நீங்கள் இப்படிப் பேசுவீர்களா?" அவர் எங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு போன் போட்டுக் குதி குதியென்று குதித்தார்.

ஒரு சனிக்கிழமை புதிதாக எழுத வருகிறவர்களுக்குப் பத்திரிகை ஒரு வகுப்பு நடத்தியது. முப்பது பேர் வந்திருந்தார்கள். அக்கா தன் முதல் பக்க விதியைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "முதல் பக்கத்துலயே நல்லது இருந்தா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்றார்.

"அப்படி ஒண்ணு என் கையில தவறிப்போச்சுன்னு யாராவது காட்டுங்க. அன்னைக்கே நாற்காலியைக் காலி பண்ணிடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் சொன்னால் செய்கிறவர். காப்பீட்டு அலுவலகத்தை விட்டதும் இப்படி ஒரு சொல்லை விட்டுவிட்டு அதைக் காப்பாற்றத்தான்.

நீல மை என்று நாங்கள் சொல்லும் ஒருவர் ஒன்பது வருடமாகக் கதை அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிசகாது. நீல மையில், வரி சாயாத கையெழுத்து. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற வேலை என்று முதல் கதையோடு எழுதியிருந்தார். அந்தக் கதையில் பிரிந்த இரட்டையர்கள் ரயில் விபத்தில் சேர்ந்தார்கள். அடுத்ததில் கண்தெரியாத பெண்ணுக்கு மழையில் பார்வை வந்தது. அக்கா சளைக்காமல் கார்டு போட்டார். விபத்தை விடச் சொன்னார், விட்டார். மழையைக் குறைக்கச் சொன்னார், தூறலாக்கினார். மூன்றாம் வருடம் ஒரு கார்டில், "முதல் பக்கத்தை நான் படிப்பதில்லை. யாருடையதையும் படிப்பதில்லை. கதையை இரண்டாம் பக்கத்தில் தொடங்குங்கள்" என்று எழுதினார்.

அதற்குப் பிறகு அவர் கதைகள் இரண்டாம் பக்கத்தில், தலைப்போடு, கச்சிதமாகத் தொடங்கின. அக்கா அதைப் பாராட்டிக்கூட ஒரு கார்டு போட்டார். ஆனால் ஒன்றும் தேறவில்லை. "குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. உயிரும் இல்ல. சொன்னதையெல்லாம் கேக்கறாரு பாவம், அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்பார்.

போன வருடம் ஒரு காலையில் அலுவலகக் கணினிகள் எல்லாம் நின்றுவிட்டன. சரிசெய்கிறவர் வரும்வரை எனக்கு வேலை இல்லை. குறுக்கெழுத்துப் பக்கத்துக்குக் கட்டம் போட்டு வைத்திருந்த தாளைச் சும்மா திருப்பினேன். நீல மை. கதையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"பதினேழாம் எண் வீட்டில் மீட்டர் இரண்டு மாதமாக ஒரு புள்ளியும் நகரவில்லை. பழுதா என்று பார்த்தேன், இல்லை. கதவைத் திறந்தவர் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார். குழாயைத் திறந்து காட்டச் சொன்னேன். எதற்கு என்றார். எனக்குத் தாகமாக இருக்கிறது என்றேன். திறந்தார். நான் குடித்தேன், அவரும் குடித்தார்."

அவ்வளவுதான். மழை இல்லை, இரட்டையர் இல்லை. என் மேசை இழுப்பறையிலும் தட்டின் அடியிலும் தேடினேன். மொத்தம் பதினொன்று கிடைத்தன. நின்றபடியே எல்லாவற்றையும் படித்தேன்.

"பையன் என்னிடம் பேசி நான்கு மாதம் ஆகிறது. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றாலும் அவன் அம்மாவிடம்தான் கேட்கிறான். உப்பு என் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவள் அடுப்படியிலிருந்து வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். மூன்று பேரும் இதற்குப் பழகிவிட்டோம்."

கடைசியாக வந்த தாளில் நாலு வரிதான். "இன்று பேருந்தில் ஏறும்போது பையன் என்னிடம், தள்ளி நில்லுங்க என்றான். கூட்டத்தில் வேறு யாரிடமோ சொல்கிறான் என்று நினைத்தேன். என்னிடம்தான். வீடு வரும்வரை நான் தள்ளியே நின்றேன்."

கதையே பிடிக்காதவன் நான். அந்தத் தாள்களைக் கீழே வைக்க மனசு வரவில்லை. அதோடு ஒரு கணக்கும் உறைத்தது. மூன்றாம் வருடத்துக்குப் பிறகு அவரிடமிருந்து முப்பதுக்கு மேல் கதைகள் வந்திருக்கும். பதினொன்று போக மற்ற முதல் பக்கங்களின் முதுகில் கட்டம் போட்டுக் குப்பையில் எறிந்தவன் நான்தான்.

ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. காட்டினால் அக்கா நாற்காலியைக் காலி செய்துவிடுவார் என்ற பயம். காட்டாவிட்டால், மீட்டர்காரருக்கு ஒன்பது வருடத்தில் கிடைக்கிற ஒரே வழியும் அடைபடும். எட்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினொரு தாளையும் அவர் முன்னால் வைத்தேன்.

வழக்கப்படி மேல் தாளை உருவப் போனார். "அக்கா, இதுல எல்லாமே முதல் பக்கம்தான்" என்றேன்.

படித்தார். ஒருதடவை படித்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து படித்தார். பேனாவை எடுக்கவே இல்லை.

"இதை எப்ப பாத்தே?"

"போன வாரம்."

"ஒரு வாரமா என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தியா?"

"நீங்க வேலையை விட்டுடுவீங்கன்னுதான்…"

"வெட்கமா இருக்குடா" என்றார். என்னை அவர் டா போட்டது அன்றுதான். "வகுப்பெடுத்தேன் பாரு, முப்பது பேரை உக்கார வெச்சு. ஊருக்கெல்லாம் பலன் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்த கதையா ஆயிடுச்சு."

அன்று சாயங்காலமே ராஜினாமாக் கடிதம் ஆசிரியர் மேசைக்குப் போனது. ஆசிரியர் குறும்புக்காரர். மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு, "உங்க வழக்கப்படி மொதல் பக்கத்தைப் படிக்காமத் தூக்கிப் போட்டுட்டேன் மேடம். ரெண்டாவது பக்கத்துல கையெழுத்து மட்டும்தான் இருக்கு. அதை வெச்சு நான் என்ன பண்ண?" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஆனைக்கும் அடி சறுக்கும். அந்தப் பதினொண்ணையும் அடுத்த இதழ்ல போடுவோம். அதான் பிராயச்சித்தம்" என்றார்.

அக்கா மீட்டர்காரருக்கு எழுதினார். கார்டு இல்லை, கடிதம். தான் படிக்காமல் விட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, பிரசுரிக்க அனுமதியும் கேட்டிருந்தார். ஐந்தாம் நாள் பதில் வந்தது. அக்கா என்னை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்.

"முதல் பக்கம் படிப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எப்படியும் போகப்போகிற தாள்தானே என்று, வீட்டில் சொல்ல முடியாததை அதில் எழுதி மேலே வைத்தேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவை கதைகள் இல்லை. என் மகன் உங்கள் பத்திரிகையை வாரா வாரம் வாங்குகிறவன். இப்போதுதான் ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறான். தயவுசெய்து போடவேண்டாம். என் கதை எப்போதாவது நன்றாக அமைந்தால் அதைப் போடுங்கள்."

ஆசிரியருக்கு மனசு கேட்கவில்லை. "பேரை மாத்திப் போடலாமே?"

"மீட்டர் பாக்கற அப்பா, பேசாத பையன், உப்பு. இதுல பேர் எதுக்கு சார்? அந்தப் பையனுக்குத் தெரியாதா?"

"மேடம், இத்தனை வருஷத்துல நமக்கு வந்ததிலேயே நல்லது இதான்."

"ஆமா. அதுக்குத்தான் சொல்றேன்."

ஆசிரியர் பதினொன்றையும் அக்கா பக்கம் தள்ளி வைத்தார். தாள்களைத் திருப்பி அனுப்புவதற்கு முன், நான் ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பின்பக்கத்தில் போட்ட கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். குறுக்கெழுத்துக் கட்டம்தான் அழுத்திப் போட்டிருந்தது, முழுக்கப் போகவில்லை. அக்கா பதிவுத் தபாலில் அனுப்பினார்.

அன்றிலிருந்து அக்கா எல்லோருடைய முதல் பக்கத்தையும் படிக்கிறார். இடப்பக்கத் தட்டை எடுத்துவிட்டார். நான் இப்போது புதுத் தாளில் கட்டம் போடுகிறேன். வேடிக்கை என்னவென்றால், அவர் விதி சரிதான். பத்துக்கு ஒன்பது முதல் பக்கத்தில் இன்னமும் சூரியன்தான் உதிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறார். "தண்டனைன்னு நெனச்சுக்கறேன்" என்கிறார்.

இரண்டு மாதம் கழித்து, தேதி தவறாமல், நீல மை உறை வந்தது. கடைநிலை ஊழியர் கொண்டுவந்து வைத்ததுமே அக்கா கையிலிருந்த கதையை ஓரம் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். உறையின் விளிம்பைப் பதமாகக் கிழித்து, முதல் தாளை இரண்டு கையாலும் எடுத்தார்.

தலைப்பு இருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேல் மூலையில் பக்க எண் 2 என்று போட்டிருந்தது.

அக்கா உறைக்குள் பார்த்தார். தலைகீழாகப் பிடித்து உதறினார். தாள்களைப் புரட்டி நடுவில் எங்காவது மாறி வந்திருக்கிறதா என்று தேடினார். 2, 3, 4 என்று பதினொன்றுவரை ஒழுங்காக இருந்தது. நானும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

"மொதல் பக்கம் எங்கே?" என்றார்.

கதையை முழுதும் படித்தார். தேறவில்லை. கார்டை எடுத்து வெகுநேரம் வைத்திருந்துவிட்டு எழுதித் தபால் தட்டில் போட்டார். அவர் எழுந்து போனதும் எடுத்துப் பார்த்தேன்.

"கதை கிடைத்தது. முதல் பக்கம் வரவில்லை. நான் படிக்கமாட்டேன், அனுப்புங்கள்."

அடுத்த கதை சரியாக இரண்டு மாதத்தில் வந்தது. அதுவும் இரண்டாம் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது.