ஒளிபரப்பு உரிமையை விற்காத பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா இறந்த செய்தி எனக்குக் குவைத்திலிருந்துதான் வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவிலிருந்து வீட்டு வேலைக்குப் போயிருக்கும் ராஜேஸ்வரி, அழுதுகொண்டே குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஹட்டனிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே கேட்டேன். அக்கா வீட்டிலிருந்து இரண்டு லய வரிசை தள்ளிக் குடியிருக்கும் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது அக்காவை அறிந்த உங்களுக்குத் தெரியும்.

உங்களில் பாதிப் பேர் அவர் தூளி ஆட்டித் தூங்கியவர்கள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஆயுளில் பாதியைக் கழித்தவர், ஓய்வு பெற்றதும் எங்கள் தோட்டங்களின் உதைபந்தாட்டப் போட்டிக்குத் தலைவியானார். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் செயலாளர். ஓஃப்சைட் என்றால் என்னவென்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. "முன்னாடியே போயி நிக்கிறது அவன் சாமர்த்தியம்தானே சேர், அதுக்கு எதுக்கு விசில் ஊதுறாங்க?" என்பார். நடுவரும் அவர் வளர்த்த பிள்ளை. விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பணிவாக விளக்கம் சொல்வார். அக்கா ஒத்துக்கொள்ளமாட்டார்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் போட்டிக்கு யோகம் அடித்தது. போனில் நேரலையாகப் போன ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, கொழும்புத் தொலைக்காட்சி ஒன்று ஒளிபரப்பு உரிமை கேட்டு வந்தது. அடுத்த வாரமே இன்னொன்று வந்தது. ஒருவர் புது வலை தருகிறோம் என்றால் மற்றவர் எல்லா அணிக்கும் ஜேர்சி என்றார். மழைக்கு ஒதுங்கக் கூரை, பரிசுக் கிண்ணம் என்று ஏறிக்கொண்டே போனது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய தொலைக்காட்சியின் ஒப்பந்தம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த அன்றே நான் கையெழுத்து வைத்துவிட்டேன். பிறகு அக்காவின் கையெழுத்துக்காகக் கொண்டு போனேன்.

தமிழில் சொல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தேன். மைதானத்துக்குள் வேறு எவரும் ஆட்டத்தைப் படம் பிடிக்கவோ நேரலையாக அனுப்பவோ கூடாது என்ற இடத்தில் நிறுத்தினார்.

"அப்ப ராஜேஸ்வரி எப்பிடிப் பாப்பா?"

மேற்பிரிவு அணியின் கோல் காப்பாளன் ராஜேஸ்வரியின் மகன். அவள் மகனை விட்டுப் போய் அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. கோட்டோரம் நிற்கும் யாராவது ஒருவர் போனைப் பிடித்தால்தான் அவளுக்கு ஆட்டம். அந்தத் தொலைக்காட்சி குவைத்தில் தெரியாது. நான் அந்த வரியை வாசித்திருந்தேன். ஜேர்சி ஆசையில் அது என் கண்ணை உறுத்தவில்லை. இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"வாசிச்சுக் காட்டாத கடுதாசியில நம்ம ஆளுங்க கைநாட்டு வச்சதெல்லாம் போதும் சேர்" என்றார் அக்கா. மறுநாள் காலை பெரட்டில், எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் இடத்தில், கணக்கப்பிள்ளையிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, என்னை முழுவதையும் தமிழில் வாசிக்க வைத்தார். தேடி வந்த லட்சுமியைக் காலால் தள்ளுகிறீர்கள் என்று தொழிற்சங்கத் தலைவர் சத்தம் போட்டார். வெளிநாட்டில் ஆள் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று அக்கா கேட்டார். தூக்கிய கைகளைப் பார்த்ததும் தலைவர் பேர் கொடுக்க வரிசையில் போய் நின்றார்.

தொலைக்காட்சியிலிருந்து ஓர் இளைஞர் நேரில் வந்தார். உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்று மரியாதையாகச் சொன்னார்.

"கெமராவ எங்க வேணும்னாலும் வையுங்க தம்பி. எங்க போனுங்க அதுக்குப் பக்கத்துல நிக்கும். சரின்னா இப்பவே கையெழுத்து வைக்கிறேன்" என்றார் அக்கா.

அந்த இளைஞர் கையெழுத்து வாங்காமலே போய்விட்டார். மற்றத் தொலைக்காட்சியும் அதே வரியை வைத்திருந்தது, அதுவும் போனது. பழைய வலையோடு இறுதியாட்டம் நடந்தது. பாதித் தோட்டம் அக்காவைத் திட்டியது. அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் கோல் கம்பத்துக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதிப் படத்தை அவருடைய கட்டைவிரலே மறைத்தது. ராஜேஸ்வரியின் மகன் மூன்று கோல் வாங்கினான். மூன்றையும் அவன் அம்மா பார்த்தாள்.

அக்காவின் காரியம் முடிந்த வாரத்தில் இரண்டு தொலைக்காட்சிகளும் மறுபடி எழுதியிருக்கின்றன. அதே வரி. அக்காதான் இல்லையே, இனி என்ன தடை என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். அக்காவின் தைரியம் என்னிடம் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது எதையும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டும் பழக்கம் ஒன்றுதான். நேற்றுப் பெரட்டில் இரண்டு கடிதங்களையும் வாசித்தேன். பிறகு அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைத்து, இருவருக்கும் திருப்பி அனுப்பிவிட்டேன். வருவதானால் வரட்டும். வராவிட்டாலும் ஆட்டம் உண்டு, ராஜேஸ்வரி பார்ப்பாள்.