ஷோகேஸில் நின்ற மாப்பிள்ளை

அந்தத் துணிக்கடையில் முதலாளியம்மா முதல் வாசலில் நிற்கும் காவலாளி வரை எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் தினமும் காலையில் தன் கல்யாணத்துக்கே கிளம்பி வருபவர் மாதிரிதான் கடைக்குள் நுழைவார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. ஷூவில் முகம் பார்க்கலாம். புதுச் சரக்கு வந்து இறங்கினால் முதலில் போட்டுப் பார்ப்பது அவர்தான். "நான் போட்டு நடக்காத சட்டையை இன்னொருத்தர் தலையில எப்படிக் கட்டுறது?" என்று கேட்பார்.

லிஃப்ட் இருந்தும் படியேறித்தான் போவார். விடிந்ததும் மொட்டைமாடியில் குனிந்து நிமிர்ந்து ஒரு பாடு வேர்வை சிந்திவிட்டுத்தான் காபி. கடையில் அவருக்கு நண்பர்கள் என்றால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான். அவர்கள் கேட்கும் பாட்டை இவரும் கேட்பார், பிடிக்கவில்லை என்றால் சண்டை போடுவார். வீட்டில் மனைவியோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவர் "எங்க காலத்துல" என்று வாயைத் திறந்தால் மனைவி சத்தமாகக் கொட்டாவி விடுவாள். கொட்டாவி வந்ததும் அவர் பேச்சை மாற்றிவிட வேண்டும். இதுவரை அவர் மீறியதில்லை.

முடிக்குக் கறுப்புச் சாயம் பூசுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. பூசிவிடுவதும் மனைவிதான். ஒரு ஞாயிறு பூசியதில், மறுநாள் நெற்றி வீங்கி, கண் இரண்டும் மூடிக்கொண்டன. டாக்டர் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கண்ணு தெரியணுமா, முடி கறுப்பா இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

சாயம் நின்றது. அடியில் வெள்ளை, நுனியில் கறுப்பு என்று முடி இரண்டு மனதாக வளர்ந்தது. கடைசியில் சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு, தலையில் தொப்பியோடு வீட்டுக்கு வந்தார். மனைவி தொப்பியைக் கழற்றிப் பார்த்தாள். தலை முழுக்க வெள்ளை.

"அடடே, யாருங்க நீங்க? நல்லா இருக்கீங்களே!" என்றாள். "எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம். அதுக்குள்ள ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போயிடுங்க."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு தொப்பியைத் தூக்கிப் போட்டவர் பிறகு அதைத் தொடவில்லை.

கடையில்தான் வம்பு வந்தது. புதிதாக வந்திருந்த மேனேஜர் கீழ்த்தளம் முழுவதையும் இளைஞர் பிரிவாக மாற்றிக்கொண்டிருந்தார். சுறுசுறுப்பானவர், கெட்டவர் இல்லை. வெள்ளைத் தலையைப் பார்த்ததும் மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டார்.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. கீழ்த்தளம் இனிமே காலேஜ் பசங்களுக்கு. அவங்க உங்ககிட்ட நின்னு துணி எடுக்கக் கூச்சப்படுவாங்க. நீங்க கிடங்குக்குப் போயிடுங்க. உட்கார்ந்த இடத்துல வேலை. உங்க வயசுக்கு அதான் நல்லது."

'பெரியவரே' என்ற சொல்லே அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அதைவிட, கிடங்கு. கடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறை. கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். நாள் முழுக்க எரியும் ஒரு குழல்விளக்கு. முகம் பார்க்க ஒரு கண்ணாடி கிடையாது, பேச ஓர் ஆள் வரமாட்டார். அங்கே போனால் தனக்கு ஒரே மாதத்தில் நிஜமாகவே வயதாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது.

"சார், இளைஞர் பிரிவுத் திறப்பு அன்னைக்கு வாசல் ஷோகேஸை மட்டும் நான் ஜோடிச்சுட்டுப் போறேனே" என்றார்.

"தாராளமா செய்யுங்க. ஆனா அதோட கிடங்கு."

அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். திறந்து வைக்க முதலாளியம்மாவே வருகிறார். வாசலில் நின்று ஷோகேஸைப் பார்ப்பார். யார் செய்தது என்று கேட்பார். அப்போது நேராகச் சொல்லிவிட வேண்டும், என்னைக் கீழ்த்தளத்திலேயே வையுங்கள் என்று.

"கேட்டுடுவீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டுடுவேன்."

"என்னைப் பிடிச்சிருக்குன்னு என்கிட்ட சொல்லவே உங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு."

"அப்ப சின்னப் பையன், பயம். இப்ப என்ன பயம்?"

திறப்பு நாள் காலையில் ஷோகேஸுக்குள் மூன்று பொம்மைகள் நிற்க வேண்டும். பொம்மைகள் கால் வேறு, உடம்பு வேறு, கை வேறாகத்தான் வரும். பேன்ட்டைக் காலில் ஏற்றிய பிறகு உடம்பை மாட்ட வேண்டும். சட்டையை உடம்பில் போட்ட பிறகு, சட்டைக் கை வழியாகப் பொம்மையின் கையை விட்டு மாட்ட வேண்டும். பொம்மையால் கையை மடக்க முடியாதல்லவா? இது கடையில் சேர்ந்த எவருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும்.

ஓரத்துப் பொம்மைகள் இரண்டும் ஒழுங்காக முடிந்தன. நடுப் பொம்மைக்குத்தான் முக்கியமான உடுப்பு. பாசிப்பச்சை நிறத்தில் உடம்போடு ஒட்டிய கோட்டு, வெள்ளைச் சட்டை, ஒல்லிப் பேன்ட். இளம் விற்பனையாளர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் தன் வேகத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்கு. மளமளவென்று காலில் பேன்ட்டை ஏற்றி உடம்பை மாட்டினார், இரண்டு கைகளையும் திருகி இறுக்கினார். சட்டையைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. கழற்றி மாட்ட அவமானமாக இருந்தது. சமாளித்துவிடலாம் என்று சட்டையை இழுத்தார். சடக்கென்று ஒரு சத்தம். தோள் உடைந்து கை கீழே விழுந்தது. பொம்மை குப்புறச் சாய்ந்தது. தலை கழன்று உருண்டு பில் போடும் மேசைக்கு அடியில் போய் நின்றது.

கடையில் ஆல்டரேஷன் பார்க்கும் தையல்காரர், "மாப்ள, சட்டைக்குக் கை வைக்கச் சொன்னா வைப்பேன். ஆளுக்கே கை வைக்கச் சொன்னா நான் எங்க போவேன்?" என்றார்.

மாப்பிள்ளை உடைந்த கையைக் குனிந்து எடுத்தார். இளமை காட்டப் போய், இப்போது யார் பார்த்தாலும் 'கை நடுங்குற வயசு' என்றுதான் சொல்வார்கள். கிடங்குக்கு அவரே கதவைத் திறந்து விட்டாயிற்று. வெளியே மேனேஜரின் குரல் கேட்டது. முதலாளியம்மாவின் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது. ஷட்டரைத் தூக்கப் போகிறார்கள். ஷோகேஸின் நட்ட நடுவில் வெறும் இடம்.

அவர் பச்சைக் கோட்டைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"யோவ், என்ன பண்றே?" என்றார் தையல்காரர்.

"பொம்மை கால்ல இருக்கற பேன்ட்டை உருவிக் குடு. எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் ஏத்திடுவேன்."

ஏறியது. மூச்சை இழுத்துப் பிடித்துக் கொக்கியைப் போட்டார். தையல்காரர் ஒரு கறுப்புக் கண்ணாடியை நீட்டினார். "வேண்டாம். கண்ணை மறைச்சா பயந்துட்டேன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் பொம்மை நின்ற மேடையில் ஏறினார். ஒரு கை பாக்கெட்டில், ஒரு கால் கொஞ்சம் முன்னால். ஷட்டர் கடகடவென்று மேலே போனது.

தெரு வெளிச்சம் மொத்தமும் முகத்தில் அடித்தது. கிழவனுக்கு வந்த ஆசையைப் பார் என்று யாராவது சிரித்தால், அத்தோடு சரி. கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள்.

"டேய், நடுப் பொம்மையைப் பாருடா. வெள்ளை முடி வெச்சிருக்காங்க. செமயா இருக்குல்ல?"

"தோலெல்லாம் நிஜம் மாதிரியே பண்ணியிருக்காங்கடா."

ஒருவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தான். மாப்பிள்ளை அவனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஐயோ!" என்று அலறி அவன் பின்னால் நின்றவன் காலை மிதித்தான். தெருவே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பி, கோட்டின் முதுகுப்புறத்தைக் காட்டிவிட்டு, மறுபடி நேராக நின்றார். கைதட்டல் வந்தது. பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அவருடைய வயதுள்ள ஒருவர், முன்னால் வயிறும் பக்கத்தில் மனைவியுமாக நின்றிருந்தார்.

"பாருங்க" என்றாள் அந்த மனைவி. "அவருக்கும் உங்களுக்கும் ஒரே வயசுதான் இருக்கும். எப்படி நிக்கிறாரு பாருங்க!"

"அவருக்கு நிக்கிறதுதான் வேலை. நான் நாலு இடத்துக்குப் போக வேண்டாமா?"

"நாலு இடத்துக்குப் போறவர்தான் நல்லா உடுத்தணும்."

கூட்டத்துக்கு நடுவில் முதலாளியம்மாவும் நின்றிருந்தார். பக்கத்தில் மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா உள்ளே வந்து ஷோகேஸின் பலகைக் கதவைத் தட்டினார்.

"மாப்பிள்ளை, இறங்குங்க. இது யாரோட யோசனை?"

அவர் இறங்கினார்.

"என்னோடதுதாம்மா. ஆனா யோசனைன்னு பெருமையா சொல்ல முடியாது. நடுப் பொம்மையை நான்தான் உடைச்சேன். சட்டை போடறதுக்கு முன்னாடியே கையை மாட்டிட்டேன். பசங்க முன்னாடி வேகத்தைக் காட்டணும்னு ஆசை."

முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளை பேச்சை நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் கேட்டுடறேன். என்னைக் கிடங்குக்குப் போகச் சொல்லியிருக்காங்க. எனக்கு அது வேண்டாம்மா. எனக்குக் கீழ்த்தளம் வேணும். காலேஜ் பசங்க என்னைப் பார்த்துக் கூச்சப்படுவாங்களாம். இப்பவே பார்த்துடலாம்."

பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மூக்கை ஒட்டிப் பார்த்த மாணவன் தன் கூட்டத்தோடு உள்ளே வந்து நேராக அவரிடம்தான் வந்தான்.

"அண்ணா, அந்தக் கோட்டு எனக்கு எடுப்பா இருக்குமா? உண்மையைச் சொல்லணும்."

"உண்மையைச் சொன்னா, பச்சை உனக்கு வேண்டாம் தம்பி. நீல நிறத்துல எடு" என்றார் அவர்.

முதலாளியம்மா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஒளிக்காமல் சொன்னார். "நான் முடியைத்தாம்மா பார்த்தேன். ஆளைப் பார்க்கலை."

"சரி. அந்த உடைஞ்ச பொம்மையைக் கிடங்குக்கு அனுப்புங்க. இவர் இங்கதான்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

அதற்குள் வயிற்றுக்காரரும் மனைவியும் உள்ளே வந்துவிட்டார்கள். அவர் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து, முகம் சிவக்க நின்றார்.

"மூச்சை விடுங்க சார். யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார் மாப்பிள்ளை. மூச்சு விட்டதும் வயிறு தன் இடத்துக்கு வந்தது. ஒரு அளவு பெரியதாக எடுத்து மாட்டி, தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். மனிதர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். மனைவி எட்டிப்போய் நின்று அவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் தயங்கித் தயங்கி மாப்பிள்ளை பக்கத்தில் வந்தார். "வெளியில இன்னும் கூட்டம் நிக்குது. சாயங்காலம் ஒரு தடவை உள்ளே நிக்க முடியுமா?"

"சாயங்காலம் எதுக்கு சார்? இப்பவே நிக்கிறேன்" என்றார் அவர். ஷோகேஸின் பலகைக் கதவு வரை போனவர், திரும்பி இளைஞர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அந்த மஞ்சள் சட்டையை எடுங்கப்பா. யாருமே எடுக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே, அதைத்தான்."