அடைத்த ட்ரம்பெட்

துபாய் கராமாவில் அந்த சிடி கடைக்காரரிடம் கத்தியே விட்டேன். நான் வாங்கியது நாற்பதுகளின் அமெரிக்க பிக் பேண்ட் இசை. ட்ரம்பெட் வரும் இடமெல்லாம் ‘வா... வா...’ என்று தொண்டை அடைத்ததுபோல் கேட்டது.

“டிஃபெக்ட் பீஸை விக்கிறீங்களே, வெட்கமா இல்ல? இது மூணாவது தடவை!”

ஏணியில் நின்று கடையின் ஏசியைக் கழுவிக்கொண்டிருந்த தமிழ் மெக்கானிக் திரும்பினார். “சார், அது ரிப்பேர் இல்ல. ட்ரம்பெட் வாயைக் கிண்ணத்தால மூடி மூடித் திறக்கிறாங்க. ஊர்ல பேண்டு செட்ல நானும் அப்படித்தான் ஊதுவேன்.”

“இது கல்யாண பேண்டு இல்லய்யா!” என்று சீறினேன்.

அவர் உள்ளங்கையை வாயருகே குவித்து, அதே ‘வா... வா...’வை அப்படியே எழுப்பிக் காட்டினார். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

நல்ல சிடிகள் இரண்டை ஏற்கெனவே சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தேன். அன்றைய கோபம் இன்னும் தீரவில்லை. இப்போதெல்லாம் அது, மூடத் தெரியாத என் வாயின் மேல்தான்.