மந்தைவெளியின் வடக்கு மூலைக் கல்

எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குள் நுழைந்ததும் வலது கைப் பக்கம் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். ஆந்திரப் பக்கத்து எல்லை ஊர் என்பதால் மேலே தெலுங்கு, கீழே தமிழ். மாடு மேய்த்த ஒரு பெண்ணின் கனவில் அம்மன் வந்து, தான் இங்கே முளைத்திருப்பதாகவும் தனக்குக் கோயில் வேண்டுமென்றும் சொன்னாளாம். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை எழுத்துக் கூட்டிப் படித்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பெண் வெங்கடலட்சுமி அக்கா. அவள் கனவும் காணவில்லை, அம்மன் முளைக்கவும் இல்லை. என் டிராக்டரில்தான் வந்தாள்.

அந்தக் கோயிலில் நான் இதுவரை கை கூப்பியதில்லை. திருவிழாவுக்குத் தண்ணீர் டேங்கர் இழுக்கக் கூப்பிடுவார்கள், போவேன், இழுத்துவிட்டு வருவேன். டிராக்டருக்கு அச்சு முறிந்தபோது அம்மன் தண்டித்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அச்சை முறித்தது எங்கள் ஊர் ரோடு.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் மாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். புருஷன் போர்வெல் போடுகிற லாரியில் வேலைக்குப் போய் அங்கேயே செத்தான். நிலம் கிடையாது. ஒரு கறவை மாட்டை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள், அது ஈன்று ஈன்று ஒரு சின்ன மந்தையே ஆயிற்று. பால் ஊற்றித்தான் மகனைப் படிக்கவைத்தாள், கல்யாணமும் செய்துவைத்தாள். சொந்தமாக ஒரு சாண் மண் இல்லாதவள் இத்தனை மாட்டை எங்கே மேய்த்தாள் என்றால், மந்தைவெளியில்.

மந்தைவெளி என்பது ஊருக்குக் கிழக்கே இருந்த நாலு ஏக்கர் சொச்சம். வெள்ளைக்காரன் காலத்தில் செட்டில்மெண்ட் என்று ஊர் ஊராக அளந்து, இது இன்னாருடையது, இதற்கு இவ்வளவு தீர்வை என்று எழுதியபோது, இந்தத் துண்டை மட்டும் யார் பேருக்கும் எழுதாமல் ஊர் மாடுகளுக்கென்று ஒதுக்கினார்கள். உழக்கூடாது, வீடு கட்டக்கூடாது. மூலைக்கு மூலை கல் நட்டு, கல்லின் தலையில் உளியால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளைக்காரன் தர்மவான் என்று நான் சொல்ல வரவில்லை. மாடு இல்லாவிட்டால் உழவு இல்லை, உழவு இல்லாவிட்டால் தனக்குத் தீர்வை இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

என்னைப் போன்றவர்கள் டிராக்டர் வாங்கியபிறகு ஊரில் மாடு குறைந்துபோயிற்று. கடைசியில் அங்கே மேய்ந்ததெல்லாம் அக்காவின் மாடுகள்தான். டீக்கடையில் கிண்டல் செய்வார்கள்.

"இன்னா வெங்கடலட்சுமி, நாலு ஏக்கரா ஜமீந்தாரு நீ."

"ஆமா. உம் பொண்டாட்டிய அனுப்பு, சாணி அள்றதுக்கு ஆளு தேடிக்கினு கீறேன்."

மந்தைவெளிக்கு வடக்கே இருந்த புன்செய்க் கொல்லையை உமாபதி வாங்கினான். எங்கள் ஊர்க்காரன்தான். லாரி வைத்திருந்தவன், திருப்பதி ரோட்டோரம் மனை போட்டு விற்க ஆரம்பித்திருந்தான். ஒரு கோடையில் ஜேசிபி விட்டுக் கொல்லையைச் சமன் செய்தபோது, மந்தைவெளியின் வடக்கு மூலைக் கல்லையும் சேர்த்துப் பிடுங்கிக் கால்வாயில் தள்ளிவிட்டான். கல் இருந்த குழி மண்ணுக்குள் போயிற்று. மனைக்கு எல்லை காட்ட அவன் அடித்த வர்ண முளைகள் மந்தைவெளிப் பக்கம் நடந்து வந்திருந்தன.

அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"ரமணா, டிரைலர மாட்டிக்கினு வா. கல்லு கால்வாயில கெடக்குது."

"பழைய எடத்துலயே நட்டுடலாமாக்கா?"

"அங்க நட்டா நாளைக்கே மறுபடியும் புடுங்குவான். நட்டநடுவுல, வேப்பமரத்துக்குக் கீழ நடு. மஞ்சள பூசி வெச்சிடறேன். எவன் கை வெக்கிறான்னு பாக்கலாம்."

"சாமிகிட்ட வெளாடாதக்கா."

"சாமி சும்மாதான குந்திக்கினு கீது. கொஞ்சம் மாடு பாத்துக்கட்டும்."

நட்டோம். அக்கா மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தன் பழைய சிவப்புப் புடவையில் ஒரு கிழிசலைச் சுற்றினாள். மறுநாள் உமாபதி பைக்கில் வந்தான். கல்லைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டான். முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். அக்கா அன்றைக்கு எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு கால்வாய் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவன் கல்லைப் பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கும்பிட்டுவிட்டான், அதுதான் வினை.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்து விளக்கேற்றினாள். பிறகு நாலு பேர். வெகுநாள் பிள்ளையில்லாதவள் ஒருத்தி மரத்தில் தொட்டில் கட்டி, பிள்ளை பெற்றாள். தகரக் கொட்டகை வந்தது. அதற்கு முதல் மூட்டை சிமெண்டை இறக்கியது உமாபதி. கமிட்டி போட்டார்கள், தலைவன் அவன். கல்லுக்கு வெள்ளி முகம் செய்து மாட்டினார்கள். சுற்றுச்சுவர், கார் நிறுத்த சிமெண்டுத் தரை, வாடகைக்குக் கடைகள், கல்யாண மண்டபத்துக்குக் கடைக்கால். பக்கத்தில் அம்மன் இருக்கிறாள் என்று சொல்லியே அவனுடைய மனைகள் விற்றன. கேட்டில் மாடுகள் உள்ளே வரக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். மாட்டுக்கும் படிக்கத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

"அக்கா, உங்கையால வந்த தாயி. மொத மரியாத உனக்குத்தான்" என்றான் உமாபதி, மரியாதையாகவே. "மாட்ட மட்டும் உள்ள உடாத. சாணி போடுது."

"சாணி போடாத மாடு எங்க விக்குதுன்னு சொல்லு, வாங்கிக்கினு வரேன்."

மந்தைவெளியை அளந்து தரச் சொல்லி அக்கா சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுபோனாள். என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவாள். பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, கொடுத்துவிட்டு வருவோம். அதற்குள் ஜில்லாவைப் பிரித்துவிட்டார்கள். உங்கள் ஊர் இப்போது திருப்பதி ஜில்லா, அங்கே போய்க் கொடுங்கள் என்றார்கள். திருப்பதியிலும் கொடுத்தோம். ஒருவழியாக ஒரு சர்வேயர் வந்தார்.

மற்ற மூலைக் கற்கள் ரோட்டுக்கும் வீடுகளுக்கும் அடியில் என்றைக்கோ போய்விட்டன. வடக்கு மூலைக் கல்லாவது இருக்கிறதா என்று கேட்டார். அக்கா கர்ப்பகிரகத்தைக் காட்டினாள்.

"அங்க கீது சார். வெள்ளி மூஞ்சியக் கழட்டிப் பாரு. தலையில பெருக்கல் குறி இருக்கும்."

சர்வேயர் கூடியிருந்த பெண்களைப் பார்த்தார். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நெற்றி நிறையக் குங்குமத்தோடு திரும்பி வந்தார்.

"அம்மா, நாக்கு பில்லலு உன்னாரு" என்றார். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறார். அப்புறம் தணிந்த குரலில் தமிழில் சொன்னார். "கல்லு மூலையில இருந்தா சாட்சி. நகர்த்தி வெச்சா வெறும் கல்லு. அத வெச்சி நான் எத அளக்கறது?"

அக்காவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. நகர்த்தியது அவள்தான். ஆனாலும் விடவில்லை. "அப்ப இத உள்ள வெச்சிக் கும்பிடறவங்ககிட்ட சொல்லு சார், வெறும் கல்லுன்னு" என்றாள்.

கூட்டத்தில் நின்ற மருமகள் ரூபா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த வேப்பமரத்தில் தொட்டில் கட்டித்தான் அவளும் பிள்ளை பெற்றிருந்தாள். அவளுக்கு அது நிஜம்.

"அத்த, வாய மூடிக்கினு சும்மா இரு. எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா நீ தாங்குவியா?"

அக்கா பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அதற்குப் பிறகு மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. காளஹஸ்தியிலிருந்து வியாபாரி வேன் எடுத்துக்கொண்டு வருவான். ஒவ்வொன்றையும் வேனில் ஏற்றும்போது அக்கா கூட இருந்து, எது முட்டும், எதற்குக் காம்பில் புண் என்று அவனுக்குச் சொல்லி அனுப்புவாள். வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குக் கோயில்காரர்கள் அவளிடம்தான் பால் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி மாடும் போனபிறகு பாக்கெட் பாலை வெட்டி ஊற்றினார்கள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

மகன் திருப்பதியில் லாட்ஜில் வேலை பார்க்கிறான். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனான். மூன்றாவது மாடியில் ஒரே அறை. அங்கே குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு போயிற்று. பிறகு எழவில்லை. போன ஆடியில் போய்ச் சேர்ந்தாள்.

அதற்கு முந்தின வாரம் பார்க்கப் போயிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் திருமலை மலை. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ரூபா டீ வாங்கக் கீழே இறங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"நீ அம்மன இன்னிவரைக்கும் கும்பிடலதான ரமணா?"

"நாம நட்ட கல்ல நானே எப்படிக்கா கும்பிடறது?"

"நான் கும்பிட்டேன்டா. தெனமும். மாட்ட வித்த அன்னிக்குக்கூட யாருக்கும் தெரியாம போய்க் கும்பிட்டேன்."

போர்வையை இழுத்துவிட்டேன்.

"எனக்கு அவ காது குடுக்கல. மாடு மேய்க்கக் குந்த வெச்சேன்னு கோவம் இருக்கும். உம்மேல இன்னா கோவம்? நீ வண்டியில ஏத்திக்கினு வந்தவன். ஒரே ஒரு தரம் போ. செருப்ப கழட்டிட்டுப் போய், கை கூப்பி நல்லவிதமா கேளு. எழுந்து அந்த வடக்கு மூலைக்கே போயிடச் சொல்லு."